தாதியர் தலைமையும் இணையவழிக் கல்வியும்

நோய் தீர வேண்டுமாயின் நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிலிருந்து பேணுபவர் என்னும் நான்கும் செவ்வனே அமைதல் வேண்டும் என்பது வள்ளுவர் வகுத்த முறை. அந்நான்கனுள் நோயாளியின் கட்டிலருகே இரவும் பகலும் நிற்பவர் தாதியே. வைத்தியர் வந்து பார்த்துச் சென்றபின் எஞ்சிய நேரமெல்லாம் நோயாளியின் நலம் தாதியரின் கையிலேயே தங்கியிருக்கின்றது. அத்தாதியரை நெறிப்படுத்துபவர், நோயாளர் விடுதிக்குப் பொறுப்பாயுள்ள தாதி. அவருக்குத் தலைமைப் பயிற்சி அளிப்பது எங்ஙனம்? இணையத்தின் வழியே அதனை அளித்தல் கூடுமா? இவையே இன்று நம் சிந்தனைக்குரியன.

சிறந்த தாதி ஒருவர் பல்லாண்டு பணியாற்றிய பின்னர் பொறுப்புத் தாதியாக உயர்த்தப்படுகின்றார். நேற்றுவரை ஊசி ஏற்றுவதிலும் புண்ணுக்கு மருந்து கட்டுவதிலும் வல்லவராக விளங்கியவர், இன்று வேறொரு தொழிலையும் மேற்கொள்ள வேண்டியவராகின்றார். இரவுப் பணிக்கு யாரை அமர்த்துவது? நோய் முற்றியவரை எவரிடம் ஒப்படைப்பது? இளந்தாதி ஒருத்தி இழைத்த தவற்றை, அவள் மனம் ஒடியாமலும் அத்தவறு மறைக்கப்படாமலும் திருத்துவது எப்படி? கலங்கி நிற்கும் உறவினரிடம் எதனைச் சொல்வது? இவற்றுக்கு விடை காணும் திறமை கைத்திறனோடு கூடவே பிறந்துவிடுவதில்லை. தனியே கற்கப்பட வேண்டியது.

இவ்வுண்மையை முதலில் தெளிவாக உணர்ந்தவர்களுள் ஒருவர் புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார். கிரைமியாப் போர்க்காலத்தில், 1854ஆம் ஆண்டில், ஸ்குட்டாரி இராணுவ வைத்தியசாலைக்குச் சென்று தொண்டாற்றியவர் அவர். 1859இல் வெளியான தமது நூலில், நிருவாகம் பற்றி ஓர் அதிகாரத்தையே அவர் அமைத்தார். பொறுப்பிலுள்ளவர் தாம் அருகில் இருக்கும்போது நடைபெறும் பணி, தாம் இல்லாதபோதும் குறைவின்றி நடைபெற வழி செய்தல் வேண்டும் என்பதே அவ்வதிகாரத்தின் சாரம். தலைமை என்பதற்கு இதனினும் சிறந்த விளக்கம் காண்டல் அரிது.

1860இல் இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் அம்மையாரின் பெயரால் தாதியர் பயிற்சிப் பாடசாலை தொடங்கப்பட்டது. ஆயினும், உடல்நலம் குன்றியிருந்த அவர் அங்கே நாடோறும் சென்று போதித்தவர் அல்லர். 1872 முதலாக அங்குள்ள தாதியர்க்கும் மாணவியர்க்கும் நீண்ட அறிவுரை மடல்களை எழுதி அனுப்பினார். அவை அவர்கள் கூடிய சபையில் வாசிக்கப்பட்டன. தூரத்திலிருந்து தாதியர்க்குப் போதிப்பது இணையம் கண்டுபிடித்த புதுமை அன்று என்பது இதனாற் புலனாகும். அம்மடல்களைப் பெற்றோர் வாசித்தவற்றை அன்றே நோயாளர் விடுதியிற் செயலாக்கும் வாய்ப்பைப் பெற்றிருந்தனர் என்பதையும் நாம் மறத்தல் ஆகாது.

தலைமை தளர்ந்தால் விளைவது யாது என்பதற்கு அதே நாடு ஒரு துயரச் சான்றையும் தந்தது. 2005க்கும் 2009க்கும் இடையில் ஸ்ரபோர்ட் வைத்தியசாலையில் நோயாளர் பலர் புறக்கணிக்கப்பட்டனர். தண்ணீர் எட்டாத தூரத்தில் வைக்கப்பட்டது. உதவி வேண்டி அடித்த மணிக்கு எவரும் வரவில்லை. அழுக்கடைந்த விரிப்பிலேயே சிலர் நெடுநேரம் கிடந்தனர். இவற்றை ஆராய்ந்த விசாரணையின் அறிக்கை 2013இல் வெளிவந்தது. விடுதிப் பொறுப்புத் தாதியர் அலுவலக அறையுள் அடைபட்டிராமல் மேற்பார்வையில் ஈடுபடுதல் வேண்டும் என்பதும், தம் விடுதியிலுள்ள ஒவ்வொரு நோயாளரின் பராமரிப்பையும் அறிந்திருத்தல் வேண்டும் என்பதும் அதன் பரிந்துரைகளுட் சில.

இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை 2012இல் தலைமைத்துவப் பயிற்சிக்கென ஒரு நிறுவனத்தை ஏற்படுத்தியது. கிரைமியாவில் தொண்டு செய்த யமெய்க்காப் பெண்மணி மேரி சீக்கோலின் பெயரைத் தாங்கிய ஒரு பயிற்சி அதன் திட்டங்களுள் ஒன்று. முதன்முறையாகத் தலைமைப் பொறுப்பேற்போருக்கென வகுக்கப்பட்ட இப்பயிற்சி, பெரும்பகுதி இணையவழியாகவும் சிறுபகுதி நேரிற் கூடியும் நடத்தப்பட்டது. நம் நாட்டிலும், 1980இல் நிறுவப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம், 1994 முதல் தாதியர்க்கான பட்டக் கல்வியைத் தொலைக்கல்வி முறையில் வழங்கத் தொடங்கியது. பணியை விட்டு விலகாமலே கற்கும் வழி இவ்வாறு திறந்தது.

இணையவழிக் கல்வியின் நன்மை வெளிப்படை. இரவுப் பணி முடித்தவர் தமக்கு இசைந்த வேளையிற் பாடத்தைக் கேட்கலாம். தலைநகரிலிருந்து தொலைவிலுள்ள சிறு வைத்தியசாலையில் பணியாற்றுபவரும், பெரு வைத்தியசாலையில் உள்ளவரோடு தம் இடர்ப்பாடுகளைப் பேசி ஆராயலாம்.

ஆயின், திரையைப் பார்த்து முடித்ததும் கிடைக்கும் சான்றிதழ் ஒருவரைத் தலைவராக்கிவிடாது. ஓர் உதாரணம் காண்போம். பணிமுறை மாறும்போது நோயாளரின் நிலை, பின்னணி, மதிப்பீடு, அடுத்துச் செய்யவேண்டியது என்னும் நான்கையும் ஒழுங்காக எடுத்துரைத்து ஒப்படைக்கும் முறை ஒன்று உண்டு. அதனை அரைமணி நேரத்தில் திரையிற் கற்றுவிடலாம். களைத்த தாதியர் நால்வர் வீடு செல்ல விரையும் வேளையில், ஒரு நோயாளரையும் விட்டுவிடாது அதனை நடைமுறைப்படுத்தச் செய்வதே தலைமை. ஆகவே, ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் விடுதியிற் செய்து பார்க்கும் பணி ஒன்று இருத்தல் வேண்டும். அதனை அருகிருந்து நோக்கிக் குறைநிறை கூற அனுபவமிக்க ஒருவரும் வேண்டும்.

மற்றொன்று நேரம். பன்னிரண்டு மணிநேரம் நின்று களைத்தவரிடம், வீட்டிலே பிள்ளைகள் உறங்கிய பின்னர் கற்றுக்கொள் என்பது நீதியாகாது. கற்கும் நேரமும் பணிநேரமாகவே கணக்கிடப்படல் வேண்டும்.

பயிற்சி, ஆட்குறையை மறைக்கும் திரையாகவும் ஆகிவிடக்கூடாது. 9 ஐரோப்பிய நாடுகளில் சத்திரசிகிச்சை பெற்ற 4 இலட்சத்துக்கு மேற்பட்ட நோயாளரை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. ஒரு தாதியின் பொறுப்பில் ஒரு நோயாளர் கூடுதலாகச் சேருமிடத்து, நோயாளர் 30 நாட்களுள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் உயர்கின்றது என அது காட்டியது. போதிய தாதியரின்றி ஒரு விடுதியை நடத்துமாறு பணித்துவிட்டு, அங்கே நேரும் குறைகளுக்குப் பொறுப்புத் தாதியின் தலைமைக் குறைவே காரணம் என்பது பொருந்தாது.

இணையம் பாடத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். அதனைப் பயன்படுத்த ஆளும் நேரமும் வழிகாட்டலும் அளிப்பது வைத்தியசாலையை நடத்துவோரின் கடமை. அக்கடமை நிறைவேறிய விடுதியில், பொறுப்புத் தாதி வீடு சென்ற நள்ளிரவிலும், நோயாளர் ஒருவர் மணியடித்தால் தாதி வருவார். தண்ணீர்க் குவளை அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். பயிற்சி பயன் தந்ததா என்பதை அறிய அங்கே சென்று பார்த்தல் வேண்டும்.