வரத்து பெருகும் நாளுக்கு ஒரு திட்டம்



தக்காளி விலை ஏறினால் ஊரெல்லாம் பேசுகிறது. விலை சரிந்து, பறிகூலிக்குக்கூடக் கட்டுப்படியாகாமல் பழத்தைச் செடியோடு விட்டு மாட்டை மேயவிடுகிற நாள், அந்தத் தோட்டக்காரர் வீட்டுக்கு மட்டும்தான் தெரிகிறது. விளைச்சல் பொய்த்தால் நட்டம், அமோகமாக விளைந்தாலும் நட்டம். விவசாயிகள் சேர்ந்து ஒரு தொழில் நடத்துகிறார்கள் என்றால், இந்த இரண்டாவது நட்டத்துக்குத்தான் முதலில் திட்டம் போட வேண்டும் என்பேன். அப்படிப் போட்டு ஜெயித்தவர்களைப் பற்றி இன்று பேசுகிறேன்.

இன்றைய குஜராத்தில், அன்றைய கேடா மாவட்டத்தில் ஆனந்த் என்ற ஊர். 1945-ல் பம்பாய் நகரத்துக்குப் பால் வழங்க அரசு ஒரு திட்டம் தொடங்கியது. கேடா மாவட்டத்துப் பாலைக் கொள்முதல் செய்து அனுப்பும் உரிமை போல்சன் என்ற தனியார் நிறுவனத்துக்குப் போனது. நகரத்தில் பாலுக்கு நல்ல விலை, கறந்தவருக்குக் கிடைத்ததோ இடைத்தரகர் மனம்வைத்த விலை. விவசாயிகள் சர்தார் பட்டேலிடம் போய் முறையிட்டார்கள். நீங்களே சங்கம் அமையுங்கள், பாலை நீங்களே விற்றுக்கொள்ளுங்கள் என்றார் அவர். 1946 ஜனவரியில் சமர்க்கா கிராமத்தில் மொரார்ஜி தேசாய் முன்னிலையில் கூட்டம் நடந்தது. 15 நாள் பால் கொடுக்க மறுத்தார்கள். அரசு இறங்கி வந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 14-ல் கேடா மாவட்டப் பால் உற்பத்தியாளர் சங்கம் பதிவானது. தொடக்கத்தில் இருந்தவை இரண்டே இரண்டு ஊர்ச் சங்கங்கள். நாளொன்றுக்குச் சேர்ந்த பால் சுமார் 250 லிட்டர். பின்னாளில் அமுல் என்று நாடறிந்தது இதுதான்.

சங்கத்தின் தலைவர் திரிபுவன்தாஸ் பட்டேல். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். ஊர் ஊராக நடந்து ஜனங்களைச் சேர்த்தவர். அவரைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் ஆதங்கம். 1949-ல் ஆனந்துக்கு ஓர் இளைஞர் வந்தார். கோழிக்கோட்டில் பிறந்தவர், நம் சென்னையில் லயோலா கல்லூரியிலும் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் படித்தவர். பெயர் வர்கீஸ் குரியன். அரசு உதவித்தொகையில் அமெரிக்காவில் படித்ததற்குக் கைம்மாறாக, ஆனந்தில் இருந்த அரசுப் பால் நிலையத்தில் வேலை பார்க்க வந்தவர். ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தவரைத் தடுத்து நிறுத்தியவர் திரிபுவன்தாஸ். எங்கள் இயந்திரங்களைச் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போங்கள் என்று கேட்டார். குரியன் அதன்பின் ஆனந்தை விட்டுப் போகவே இல்லை.

இந்த இருவரும் வேலையைப் பங்கிட்டுக்கொண்ட விதம் கவனிக்கத்தக்கது. ஊரையும் உறுப்பினரையும் தலைவர் பார்த்துக்கொண்டார். ஆலையையும் சந்தையையும் மேலாளர் குரியனிடம் விட்டுவிட்டார், அவர் வேலையில் அரசியல் குறுக்கிடாமல் காத்தும் நின்றார். விவசாயி தேர்ந்தெடுத்த தலைவரும் தொழில் தெரிந்த மேலாளரும் ஒருவரையொருவர் நம்பிய இடம் அது.

இனி, வரத்து பெருகும் நாளுக்கு அவர்கள் போட்ட திட்டத்துக்கு வருகிறேன். எருமை பனிக்காலத்தில் அதிகம் கறக்கும், கோடையில் வற்றும். கேடாவில் பனிக்காலப் பால் கோடைப் பாலைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். பம்பாய்க்கோ வருஷம் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவுதான் தேவை. மிச்சப் பாலை என்ன செய்வது? வேண்டாம் என்று திருப்பி அனுப்பினால், உறுப்பினர் குடத்தோடு பழைய வியாபாரி வீட்டு வாசலுக்குத்தான் போவார். கோடையில் அவர் மறுபடி நம்மைத் தேடி வரமாட்டார். எவ்வளவு கொண்டுவந்தாலும் வாங்கிக்கொள்வது என்று சங்கம் உறுதியாக நின்றது. அப்படியானால் மிச்சப் பாலை வெண்ணெயாகவும் பவுடராகவும் மாற்றியாக வேண்டும்.

எருமைப் பாலில் பவுடர் எடுக்க முடியாது என்றார்கள் வெளிநாட்டு நிபுணர்கள். அவர்கள் பழகியது பசும்பால்தான். குரியனின் நண்பர் ஹெச்.எம். தலாயா என்ற பொறியாளர் முடியும் என்று செய்து காட்டினார். யூனிசெஃப் இயந்திரம் தந்தது. அதற்கு ஈடாக அந்த வட்டாரக் குழந்தைகளுக்குச் சங்கம் இலவசமாகப் பால் கொடுத்தது. 1955 அக்டோபர் 31-ல் நேரு அந்த இயந்திரத்தோடு எழுந்த ஆலையைத் திறந்து வைத்தார். அதன்பின் பனிக்காலப் பால் யாருக்கும் பாரமாக இல்லை.

திட்டம் ஆலையோடு முடியவில்லை. அந்நாளில் ஊர்ச் சங்கத்தில் பால் வாங்கிய இடத்தைப் பாருங்கள். கொஞ்சம் பாலை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து, கந்தக அமிலமும் அமைல் ஆல்கஹாலும் சேர்த்து, மூடி, சுழலும் இயந்திரத்தில் வைத்துச் சுற்றுவார்கள். கொழுப்பு பிரிந்து குழாயின் கழுத்தில் ஏறி நிற்கும். அங்கே உள்ள கோட்டைப் பார்த்தால் சதவீதம் தெரியும். விலை அதன்படிதான். தண்ணீர் கலந்தவருக்குக் குறைவாகவும் நல்ல பால் தந்தவருக்கு நியாயமாகவும் கிடைக்கும். அரை லிட்டர் கொண்டுவந்த கூலிக்காரப் பெண்ணுக்கும் பத்து எருமை வைத்திருப்பவருக்கும் ஒரே குழாய், ஒரே கோடு. பணமும் கையோடு வந்துவிடும். கால்நடை மருத்துவர் வீடு தேடி வந்தார், தீவன ஆலையும் சங்கத்துக்கே சொந்தமாக வந்தது. பால் கொடுத்துவிட்டு நாள்கணக்கில் பணத்துக்கு அலைய விட்டிருந்தால் இவையெல்லாம் இருந்தும் பயன் இருந்திருக்காது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 2002-ல் கம்பெனிச் சட்டத்தைத் திருத்தி, விவசாயிகள் தாங்களே பங்குதாரர்களாக நிறுவனம் நடத்த வழி செய்தார்கள். அதுதான் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம். தனிநபர் உறுப்பினர்களுக்குப் பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு. முழுநேர முதன்மைச் செயல் அலுவலர் கட்டாயம். 2020-ல் மத்திய அரசு நாடு முழுவதும் 10,000 நிறுவனங்கள் அமைக்கத் திட்டம் அறிவித்தது. நிர்வாகச் செலவுக்கு முதல் மூன்று ஆண்டுகள் உதவித்தொகை உண்டு. தமிழ்நாட்டிலும் தேங்காய்க்கு, சிறுதானியத்துக்கு, காய்கறிக்கு என்று பல நிறுவனங்கள் நடக்கின்றன.

ஆனால் பல இடங்களில் நடப்பது உரக்கடை மட்டும்தான். உரமும் விதையும் விற்பது தேவையான வேலை, குறை சொல்லவில்லை. ஆனால் உறுப்பினரின் விளைச்சல் களத்துமேட்டில் குவியும்போது அதை வாங்க நிறுவனத்திடம் கைமுதல் இல்லை, வைக்கக் கிடங்கு இல்லை, வாங்க ஆளும் பேசி வைக்கவில்லை. உறுப்பினர் முன்பணம் வாங்கிய கமிஷன் மண்டிக்கே மூட்டையை ஏற்றுகிறார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? உதவித்தொகை நின்றதும் சம்பளம் கொடுக்க வழியில்லாமல் செயல் அலுவலர் வேறு வேலை தேடிப் போகிறார். இயக்குநர் குழுவோ அடுத்த மானியத்துக்கு மனு எழுதுவதையே திட்டம் என்று எண்ணிக்கொள்கிறது. எனக்கு இது மிகுந்த வருத்தம் தருகிறது. பங்குத் தொகை கட்டியவர்களில் பலர் அதைச் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கட்டியவர்கள்.

நேயர்களே, உங்களில் யாராவது அப்படிப்பட்ட நிறுவனத்தில் பங்குதாரராக இருந்தால், இந்த ஆண்டுப் பொதுக்குழுவுக்கு அவசியம் போங்கள். எழுந்து நின்று மூன்று கேள்வி கேளுங்கள். வரத்து இரண்டு மடங்கானால் எங்கே வைப்போம்? யாருக்கு விற்போம்? எத்தனை நாளில் எங்களுக்குப் பணம் வரும்? பதிலை நடவடிக்கைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லி, எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.