டின் உணவும் தீயின் அளவும்
(தோட்டத் தாய்மார்கள் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



ரப்பர் ஷீட்டுகளைப் புகைக்கூடத்தில் உலர்த்திய அனுபவம் இங்குள்ள பெரியவர்கள் சிலருக்கு உண்டு. சூடு குறைந்தால் ஷீட்டில் பூசணம் பூக்கும். மிகுந்தால் கொப்புளம் காணும். இரண்டுக்கும் நடுவே அடுப்பைக் காத்தவர்களுக்கு நான் பேச வந்திருக்கும் பொருள் புதியதன்று. டின்னில் உணவை அடைக்கும் ஆலைக்காரரும் அதே சங்கடத்தில்தான் நிற்கிறார். ஆனால் ஷீட்டு கெட்டால் விலைதான் குறையும். டின் உணவு கெட்டால் உயிரே போகக்கூடும்.

1971-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஒரு தம்பதியர் டின்னில் அடைத்த உருளைக்கிழங்கு சூப்பை அருந்தினர். கணவர் இறந்தார், மனைவி கடும் நோயுற்றார். ஆலையில் போதிய சூடு கொடுக்கப்படாததே காரணம் எனப் பின்னர் தெரியவந்தது.

போட்டுலினம் என்னும் கிருமி மண்ணில் வாழ்வது. அதன் வித்துகள் கொதிநீரிலும் பல மணி நேரம் தாங்கும். காற்றில்லாத டின்னுக்குள் அவை முளைத்தால் நரம்புகளை முடக்கும் நஞ்சு உண்டாகும். ஆகையால் மீன், இறைச்சி, காய்கறி போன்ற புளிப்பில்லாத உணவு டின்களை அழுத்தமுள்ள நீராவியில் வைத்து, டின்னின் நடுப்பகுதி 121 பாகை செல்சியசில் 3 நிமிடம் இருப்பதற்கு ஈடான சூட்டையாவது கொடுக்கிறார்கள். சார்டின் மீனின் முள் வாயில் கரைவதும் இந்தச் சூட்டினால்தான். அந்த முள்ளை எறிய வேண்டாம். அதில் சுண்ணாம்புச் சத்து உண்டு.

“அப்படியானால் இன்னும் அரை மணி நேரம் வேகவைத்துவிட்டால் என்ன?” என்று தாய்மார்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நேரம் நீளநீள பி1 வைட்டமின் அழியும், நிறம் மங்கும், காய்கறி கூழாகும். இதற்கு அறிவியலார் கண்ட வழி வியப்பானது. சூடு 10 பாகை உயர்ந்தால் கிருமி வித்துகள் ஏறத்தாழ பத்து மடங்கு வேகமாக மடிகின்றன. சத்துகளோ இரண்டு, மூன்று மடங்கு வேகத்திலேயே அழிகின்றன. எனவே மிகுந்த சூடு, குறைந்த நேரம் என்பதே ஆதாயம். பெட்டியில் வரும் பாலை 135 பாகைக்கு மேல் சில விநாடிகளே சூடாக்கி, கிருமியற்ற பெட்டியில் அடைக்கிறார்கள்.

இந்த உபாயம் பாலுக்குப் பொருந்தும். கெட்டியான இறைச்சிக்குப் பொருந்தாது. பால் மெல்லிய படலமாக ஓடுகையில் உடனே சூடேறும். இறைச்சியில் சூடு மெல்ல மெல்லவே உள்ளே நுழையும். நடுப்பகுதி வேகுமுன் ஓரம் கருகிவிடும். தட்டையான டின்களும் பைகளும் இங்கே கைகொடுக்கின்றன. சூடு கடக்க வேண்டிய தூரம் குறைகிறதல்லவா?

நம் ஜொகூர் அன்னாசிக்கு இத்தனை தொல்லை இல்லை. அதன் புளிப்பிலே அந்த வித்துகள் முளைப்பதில்லை. கொதிநீர்ச் சூடே போதும். மணமும் பெரிதும் தங்குகிறது.

கடையில் டின் வாங்கும்போது மூடி உப்பியிருந்தாலும், மடிப்பு நசுங்கியிருந்தாலும், துருவேறிக் கசிந்தாலும் எடுக்காதீர்கள். மலிவு விலை என்று கடைக்காரர் சொன்னாலும் வேண்டாம். வீட்டில் உப்பிய டின் கண்டால் திறந்து ருசி பார்க்க வேண்டாம். நஞ்சுக்குச் சில வேளை வாடையே இராது. குழந்தைகள் கைக்கு எட்டாதபடி, திறக்காமலே பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.