எளிய அணியின் கணக்கு



பட்டமளிப்பு மேடைக்குத் துணைவேந்தரையோ விஞ்ஞானியையோ அழைப்பதுதான் வழக்கம். ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியன் ஒருவனை ஏன் அழைத்தீர்கள் என்று கல்லூரி முதல்வரிடம் கேட்டேன். எங்கள் கால்பந்து அணிப் பையன்கள் பிடிவாதம் பிடித்தார்கள் என்றார். அழைப்போடு ஒரு கேள்வியையும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். “எப்பப் பார்த்தாலும் நம்மளத் தோற்கடிக்கிற டீமை ஒரு தடவையாவது ஜெயிக்க என்ன சார் வேணும்?” இன்றைக்கு அதற்குத்தான் பதில் சொல்லப்போகிறேன். பந்தைத் தொட்டே பார்க்காதவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் யாரை மனதில் வைத்துக் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். நம் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் குமரிக் கடற்கரைக் கல்லூரிகளும் வருகின்றன. தூத்தூர், இரவிபுத்தன்துறை, வள்ளவிளைப் பக்கம் போய்ப் பாருங்கள். நடக்கப் பழகும்போதே குழந்தையின் காலடியில் பந்து கிடக்கும். மணலில் ஓடி ஓடிக் கெண்டைக்கால் இறுகிப்போன பிள்ளைகள் அவர்கள். இந்திய அணிக்கு ஆடிய மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர். நம் சங்கரன்கோவிலுக்கு அப்படி ஒரு கால்பந்துப் பரம்பரை கிடையாது. ஒரு மணி நேர பஸ் தூரத்தில் கோவில்பட்டி இருக்கிறது. அங்கே பிறந்தால் கையில் ஹாக்கி மட்டையாவது இருந்திருக்கும். நமக்கு இருப்பது ஆடித்தபசு, பூ மார்க்கெட், பிரியாணி. ஆக, விசில் ஊதுவதற்கு முன்பே பத்துப் பதினைந்து வருடம் பின்தங்கித்தான் நாம் மைதானத்துக்குள் இறங்குகிறோம்.

இதைக் கேட்டதும் நிறையப் பேர் “வெறியோடு ஆடு, உயிரைக் கொடுத்து ஆடு” என்று சொல்லிவிடுவார்கள். என் அனுபவத்தில், வெறியோடு இறங்கிய அணி முதல் கால் மணி நேரம் தலைதெறிக்க ஓடும், இடைவேளைக்குள் மூன்று கோல் வாங்கும். எளிய அணிக்கு முதலில் தேவைப்படுவது கணக்கு.

அது என்ன கணக்கு? 2022 உலகக் கோப்பையில் 64 ஆட்டங்களில் விழுந்த கோல்கள் 172. ஆட்டத்துக்கு மூன்றுகூட இல்லை. கபடியில் ஓர் அணி முப்பது, நாற்பது புள்ளி எடுக்கிறது. அத்தனை முறை மோதினால் பலசாலி யார் என்று தெரிந்துவிடும். கால்பந்தில் தொண்ணூறு நிமிட உழைப்பும் இரண்டு மூன்று கணங்களில் தீர்ப்பாகிவிடுகிறது. அதனால்தான் மற்ற குழு ஆட்டங்களைவிட இதில் சின்ன அணி பெரிய அணியைக் கவிழ்ப்பது அதிகம் நடக்கிறது. பெரிய அணிக்கு எதிராக ஆட்டத்தைத் திறந்துவிட்டு, “நீ பத்துத் தடவை வா, நானும் பத்துத் தடவை வருகிறேன்” என்று ஆடினால் பத்தில் ஏழு அவர்களுக்குத்தான் போகும். ஆட்டத்தை இறுக்குங்கள். இரு பக்கமும் வாய்ப்புகள் குறையட்டும். மிஞ்சுகிற இரண்டு மூன்று கணங்களில் என்ன செய்வது என்பதை மட்டும் எதிராளியைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருங்கள்.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டைப் பற்றி உங்களில் சிலர் ‘மைதான்’ படத்தில் பார்த்திருப்பீர்கள். நல்ல படம்தான். ஆனால் அதில் கண்ணீர் அதிகம், கணக்கு குறைவு. நடந்ததைச் சொல்கிறேன். முதல் ஆட்டத்திலேயே இந்தியா தென்கொரியாவிடம் 2-0 என்று தோற்றது. பிறகு தாய்லாந்தையும் ஜப்பானையும் வென்று, அரையிறுதியில் தென்வியட்நாமை 3-2 என்று தாண்டி இறுதிக்கு வந்தால், எதிரே அதே கொரியா. அரங்கமும் நமக்கு எதிரி. இஸ்ரேலையும் தைவானையும் போட்டிக்கு அனுமதிக்காததை இந்திய விளையாட்டு அதிகாரி சோந்தி கண்டித்துப் பேசியதில் இந்தோனேசிய மக்கள் கொதித்துப் போயிருந்தார்கள். நம் வீரர்கள் பந்தைத் தொட்டாலே கூச்சல். பாகிஸ்தான் ஹாக்கி வீரர்கள்தான் நமக்காகக் கை தட்டினார்கள் என்று சொல்வதுண்டு.

பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம் ஹைதராபாத்துக்காரர், பள்ளி ஆசிரியராக இருந்தவர். புற்றுநோய் அவரைத் தின்றுகொண்டிருந்தது. அடுத்த வருடம் ஜூனில் இறந்தே போனார். அவர் கையில் இருந்த சீட்டுகளைப் பாருங்கள். அணியின் மிகச் சிறந்த பேக் ஜர்னைல் சிங்குக்குத் தாய்லாந்து ஆட்டத்தில் தலை உடைந்து தையல் போட்டிருந்தது. வேறு யாராக இருந்தாலும் அவரை உட்கார வைத்திருப்பார்கள், அல்லது “தேசத்துக்காக ஆடு” என்று பழைய இடத்திலேயே நிறுத்தியிருப்பார்கள். ரஹீம் அவரை முன்னே தள்ளி, கோல் அடிக்கும் இடத்தில் விட்டார். பேக்காக நின்றவனை எப்படிச் சமாளிப்பது என்று கொரியர்கள் யோசித்து வைத்திருப்பார்கள். ஃபார்வர்டாக வந்தால் என்ன செய்வது என்று யோசித்திருக்க மாட்டார்கள். காய்ச்சலில் கிடந்து எழுந்த பீட்டர் தங்கராஜை இறுதி ஆட்டத்துக்குக் கோல்கீப்பராக நிறுத்தினார். மதராஸ் ரெஜிமென்டில் வளர்ந்தவர், ஆறடியைத் தாண்டிய உயரம். பாக்ஸுக்குள் வரும் உயரப் பந்துகளுக்கு அந்தக் கை வேண்டியிருந்தது. செப்டம்பர் 4 அன்று முதல் இருபது நிமிடத்துக்குள் பி.கே. பானர்ஜி ஒன்று, தலையில் கட்டோடு ஜர்னைல் ஒன்று. அதன் பிறகு கதவை அடைத்தார்கள். கொரியாவால் கடைசி சில நிமிடங்களில் ஒன்றைத்தான் திருப்ப முடிந்தது. 2-1. தங்கப் பதக்கம்.

இங்கே எனக்குப் பிடித்த விஷயம், அந்த முதல் ஆட்டத் தோல்வி. நம் கல்லூரிகளில் தோற்ற ஆட்டத்தைப் பற்றிப் பேசுவதே கிடையாது. வேனில் ஏறியதும் பாட்டைப் போட்டுவிடுவோம். உங்களை நான்கு கோலில் தோற்கடித்த அணி, தன் பலம் முழுவதையும் உங்கள் கண் முன்னால் திறந்து காட்டிவிட்டுப் போயிருக்கிறது. எந்தப் பக்கமாக வந்தார்கள், கார்னரில் யார் எங்கே நின்றான், எந்த பேக்குக்கு இடது கால் வராது என்று அன்று ராத்திரியே நோட்டில் எழுதியிருந்தால் அடுத்த வருடத்துக்கான பாதி வேலை முடிந்தது.

தோற்ற கதை ஒன்றும் சொல்ல வேண்டும். 1948 லண்டன் ஒலிம்பிக். சுதந்திரம் வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. எதிரே பிரான்ஸ். நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள். பூட்ஸ் போட்டவர்களை அந்தக் கால்கள் திணறடித்தன. நமக்காகக் கோல் போட்டவர் சாரங்கபாணி ராமன். 1-1 என்று போய்க்கொண்டிருந்த ஆட்டத்தில் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது பிரான்ஸ் அடித்துவிட்டது. வெறுங்காலைப் பற்றி இன்றைக்கும் பெருமையாகப் பேசுகிறோம். அதே ஆட்டத்தில் நமக்கு இரண்டு பெனால்ட்டி கிடைத்து, இரண்டையும் தவறவிட்டோம் என்பதை மெதுவாகத்தான் சொல்வோம். எளிய அணிக்கு வருவதே இரண்டு மூன்று கணம் என்றேனே, அவை அன்று வந்தன, போயின. பெனால்ட்டியைப் பயிற்சியின் ஆரம்பத்தில், கால் புதுசாக இருக்கும்போது அடித்துப் பழகுவதில் அர்த்தமே இல்லை. இரண்டு மணி நேரம் ஓடி, மூச்சு வாங்கி, கூட நிற்கிறவன் கேலி பண்ணும்போது அடித்துப் பழகுங்கள்.

பலசாலிக்கு எதிராக அவனுடைய பலத்தையே திருப்பிவிட முடியும் என்பதை நீங்களே டிவியில் பார்த்திருக்கிறீர்கள். 2022 நவம்பர் 22, சவூதி அரேபியா எதிர் அர்ஜென்டினா. மெஸ்ஸி பத்தாவது நிமிடத்தில் பெனால்ட்டியில் அடித்துவிட்டார். சவூதியின் பேக் வரிசை பயந்து பின்வாங்காமல் முன்னேறி நின்றது. முதல் பாதியில் மட்டும் அர்ஜென்டினா ஏழு முறை ஆஃப்சைடு. வலைக்குள் போன மூன்று பந்துகள் கோலாகவில்லை. இடைவேளைக்குப் பிறகு ஐந்தே நிமிட இடைவெளியில் சவூதி இரண்டு அடித்தது. வேகமாக ஓடி வருகிறவனை அவன் வேகமே ஆஃப்சைடில் கொண்டு போய் நிறுத்தியது. ஆனால் அடுத்த இரண்டு ஆட்டத்திலும் சவூதி தோற்று ஊருக்குப் போனது, அர்ஜென்டினா கோப்பையைத் தூக்கியது. ஒரு ஆட்டத்துக்குச் செய்த கணக்கு அந்த ஒரு ஆட்டத்துக்குத்தான்.

ஐஸ்லாந்து வேறு மாதிரி. அந்த நாட்டின் மக்கள்தொகை மூன்று லட்சத்துச் சொச்சம். நம் தென்காசி மாவட்டத்தில் மட்டும் 2011 கணக்கெடுப்பின்படி பதினான்கு லட்சம் பேர். 2016 யூரோவில் அந்தக் குட்டி நாடு இங்கிலாந்தை 2-1 என்று வீட்டுக்கு அனுப்பியது. அதன் இரு பயிற்சியாளர்களில் ஒருவர் பல் மருத்துவர். நீளமாக ஒரு த்ரோ, முன்னே நிற்பவன் தலையால் தட்டிவிட வேண்டும், பின்னால் ஓடி வருபவன் முடிக்க வேண்டும்: முதல் கோல் அப்படி வந்தது. திறமைசாலிகள் யாரும் தேவைப்படாத, நூறு தடவை செய்து பார்த்தால் யாருக்கும் கைவரக்கூடிய வித்தை. இப்படி ஒன்றே ஒன்று உங்கள் அணியிடம் இருக்கிறதா? கேப்டன் மேடையைப் பார்க்காமல் தரையைப் பார்க்கிறார்.

வெளிநாட்டுக் கதை போதும். நம் பெண்கள் கதைக்கு வருகிறேன். தேசிய மகளிர் சீனியர் கால்பந்தில் மணிப்பூர் என்றால் மற்ற மாநிலங்கள் இரண்டாம் இடத்துக்குத்தான் கணக்குப் போடும். அத்தனை பட்டங்கள் அவர்களிடம். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த இறுதி ஆட்டத்தில் தமிழ்நாடு அவர்களை 2-1 என்று வென்றது. தமிழ்நாட்டுக்கு அதுவே முதல் பட்டம். நந்தினி ஒரு கோல், இந்துமதி கதிரேசன் ஒரு கோல். மறு வருடம் மதுரையின் சேது எஃப்.சி. இந்திய மகளிர் லீக்கை வென்றபோதும் இறுதியில் தோற்றது மணிப்பூர் போலீஸ் அணி. 2023-ல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று தமிழ்நாட்டுப் பெண்கள் மறுபடியும் தேசியப் பட்டம் வாங்கினார்கள். ஒரு தடவை ஜெயித்தால் அதிர்ஷ்டம் என்பார்கள். ஐந்தாறு வருடத்துக்குள் மூன்று தடவை என்றால் பின்னால் ஏதோ உழைப்பு நடந்திருக்கிறது.

இந்துமதி கடலூர்க்காரர், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். கொரோனா ஊரடங்கில் சென்னைத் தெருக்களில் பணியில் நின்றவர். நம் பக்கத்தில் நன்றாக ஆடும் பெண் பிள்ளைக்கு ப்ளஸ் டூவோடு ஆட்டம் முடிந்துவிடும். கல்லூரியில் தொடர்ந்தால் கல்யாணப் பேச்சோடு முடியும். ஆட்டம் ஒரு வேலையாக, சம்பளமாக மாறிய பெண் முப்பது வயதிலும் ஆடிக்கொண்டிருக்கிறாள். மணிப்பூரை வென்ற காரணங்களில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எளிய அணி என்பது பல நேரம் திறமை குறைந்த அணி இல்லை. பாதியிலேயே ஆளை இழந்துகொண்டிருக்கும் அணி. அம்மாமார்களே, அப்பாமார்களே, இதை உங்களைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

பட்டம் வாங்கும் பிள்ளைகளே, உங்களில் பலர் வீட்டின் முதல் பட்டதாரி. நாளைக்குச் சென்னையிலோ பெங்களூருவிலோ ஒரு நேர்முகத் தேர்வில் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறவன் கடற்கரைக் கல்லூரிப் பையன் மாதிரிதான் இருப்பான். பிறந்ததிலிருந்தே பந்தோடு வளர்ந்தவன்; இங்கிலீஷ் அவனுக்கு மணலில் ஓடுவது மாதிரி. அவனோடு அவன் ஆட்டத்தை ஆடாதீர்கள். அந்த அறையில் உங்களுக்கு வரப்போவது இரண்டு மூன்று கேள்வி. அந்த நிறுவனத்தைப் பற்றி, அந்த வேலையைப் பற்றி அவனைவிட அதிகம் தெரிந்துகொண்டு போங்கள். முதல் இன்டர்வியூவில் தோற்றால், என்ன கேட்டார்கள் என்று வெளியே வந்ததும் பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்து எழுதி வையுங்கள். “நான் சின்ன ஊர்க்காரன், பாவம்” என்ற கதையை யாரிடமும் சொல்லிக்கொண்டு திரியாதீர்கள். தலையில் தையலோடு நின்ற ஜர்னைலைக் கொரியாக்காரன் ஒருவனும் பாவம் பார்க்கவில்லை.

கடைசியாக, அணிப் பையன்கள் கேட்ட கேள்விக்கு மிச்சப் பதில். எளிய அணிக்கு மிகவும் தேவைப்படுவது, தன்னைவிடப் பலமான அணியோடு அடிக்கடி ஆடும் வாய்ப்பு. உங்களுக்கு அது வருடத்துக்கு ஒரு முறை, பல்கலைக்கழகப் போட்டியில், முதல் சுற்றில் மட்டும் கிடைக்கிறது. பட்டம் வாங்கிப் போகிறவர்களில் ஆட்டம் தெரிந்தவர்கள் பத்துப் பதினைந்து பேராவது இந்த ஊரைச் சுற்றியே இருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாருங்கள். ஜூனியர்களுக்கு எதிரணியாக நில்லுங்கள். கடற்கரைப் பையன்கள் எப்படி ஆடுவார்களோ அப்படியே ஆடுங்கள்; தோள் கொடுத்துத் தள்ளுங்கள், கேலி பேசுங்கள், கோல் போட்டுக்கொண்டே இருங்கள். வாரத்தில் இரண்டு மாலையாவது மைதானம் பெண்கள் அணிக்கு மட்டும் என்று முதல்வர் அவர்கள் இந்த மேடையிலேயே அறிவித்தால் நான் இன்னும் சந்தோஷமாக ஊர் திரும்புவேன். கிழிந்து தொங்கும் கோல் வலைக்கு என் பங்கைக் கல்லூரிச் செயலர் அவர்களிடம் கொடுத்துவிட்டேன். மீதி அவர் பொறுப்பு.