ஒரு செவியின் இழப்பு

கண்டிக்குத் தென்கிழக்கே, தேயிலை படர்ந்த மலைகளின் நடுவே அமைந்திருப்பது தெல்தோட்டை. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையை வணிகப் பயிராக நாட்டிய லூல்கந்துர தோட்டம் இதற்கு அண்மையிலேயே உள்ளது. வளைந்து செல்லும் இம்மலைப்பாதைகளில் நடப்போர், வாகனம் கண்ணிற் படுமுன்னரே அதன் ஓசையைக் கேட்டு ஒதுங்குகின்றனர். ஒரு செவி மட்டும் கேளாதவனுக்கோ ஓசை கேட்கும். அது வரும் திசை விளங்காது.

வலப்புறத்து ஓசை இடச்செவியை அடைய, ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவான நேரமே பிந்துகிறது. அந்நுண்ணிய வேறுபாட்டைக் கொண்டே மூளை திசையை அறிகிறது. அதற்கு இரு செவிகளும் வேண்டும்.

நல்ல செவி மற்றதன் குறையை மறைத்துவிடுவதால், பல பிள்ளைகளின் குறை நெடுங்காலம் வெளிப்படுவதில்லை. வகுப்பின் இரைச்சலில் ஆசிரியர் சொல்வதைத் தவறவிடும் பிள்ளை, கவனமில்லாதவன் என்று ஏச்சு வாங்குகிறான்.

இக்குறைக்குக் காரணங்கள் பல. சிலருக்குச் செவி நரம்பு பிறவியிலேயே வளர்ச்சி குன்றியிருக்கும். கூகைக்கட்டு நோய் பெரும்பாலும் ஒரு செவியையே தாக்கும். அதனைத் தடுக்கும் ஊசி 2011ஆம் ஆண்டு முதல் இலங்கையின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இடம்பெற்றுள்ளது. தலையில் அடிபடுதல், தீராத காதுச்சீழ், அடைத்த குறும்பி ஆகியனவும் காரணங்களாகும். ஆலை இயந்திரங்களின் நெடுநாள் இரைச்சல் வழக்கமாக இரு செவிகளையும் கெடுக்கும். ஆகவே, தேயிலை ஆலைத் தொழிலாளிக்கு ஒரு செவி மட்டும் மந்தமானால், இயந்திரத்தின் மீது பழிபோட்டு அமைதல் தகாது. செவி நரம்பில் மெல்ல வளரும் கட்டியும் அவ்வாறே வெளிப்படக்கூடும்.

இவற்றுள் விரைந்து கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இரவில் நலமாக உறங்கியவர் காலையில் ஒரு செவி அடைத்ததுபோல் உணர்ந்து விழிப்பதுண்டு. சளி என்று எண்ணி எண்ணெய் காய்ச்சி விடுவர். ஒருநாட் சம்பளம் போகுமே என்று வைத்தியரிடம் செல்வதையும் ஒத்திவைப்பர். நரம்பின் திடீர்க் கேளாமையாயின், ஸ்டெராய்டு மருந்தை முதற் சில நாட்களுக்குள் தொடங்குவதே நலம். இரண்டு வாரங்கள் கடந்தபின் பயன் பெரிதும் குறைந்துவிடும்.

தொலைபேசியை ஒவ்வொரு செவியிலும் மாறி மாறி வைத்துக் கேட்டாலே வேறுபாடு புலப்படும். புலப்பட்ட அன்றே வைத்தியரை நாட வேண்டும். கண்டி தேசிய வைத்தியசாலைக்குச் செல்லும் பயணத்தில் ஒருநாட் கூலி போகலாம். அக்கூலியை மறுநாள் உழைத்துப் பெறலாம். இழந்த செவியை அவ்வாறு பெற இயலாது.