சீருடையைக் களைந்த பின்



இன்று பட்டம் பெறும் உங்களில் பலர் தேசிய மாணவர் படையின் உடுப்பணிந்து விடியற்காலையில் மைதானத்தில் அணிவகுத்து நின்றவர்கள் என அறிகிறேன். 1948-இல் தோன்றிய அப்படை, சீன யுத்தத்தின் விளைவாக 1963-இல் கல்லூரி மாணவர்க்குக் கட்டாயமாக்கப்பட்டு, 1968-இல் மீண்டும் அவரவர் விருப்பத்திற்கு விடப்பட்டது. அது நல்லதாயிற்று, மனம் ஒப்பாத இடத்தில் பயிற்சி தண்டனையாகிவிடுகிறது.

படைப் பயிற்சி மனிதனைக் கீழ்ப்படியப் பழக்குகிறது, ஆகையால் சுயபுத்தியை மழுக்கிவிடுகிறது என்பது நம் படித்தவர்களிடையே நெடுநாளாக வழங்கிவரும் அபிப்பிராயம். 1963 முதல் பரங்கிமலையில் நடந்துவரும் இராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியின் பாடமுறையைச் சற்று உற்று நோக்கினால் அந்த அபிப்பிராயம் நிலைக்காது. அங்கே பயிலும் இளைஞர், மணலில் குன்றும் ஓடையும் பாதையும் சமைத்து, அதைச் சுற்றித் தம் குழுவினரை அமர்த்தி, எதிரியின் நிலை என்ன, நம் நோக்கம் யாது, அதை நிறைவேற்றும் விதம் எது, உணவும் தோட்டாவும் மருந்தும் எவ்வழியாக வந்து சேரும், ஆணையிடுபவர் எங்கிருப்பார், அவரோடு தொடர்பு எப்படி என்று ஐந்து தலைப்புகளில், வீண்சொல் ஒன்றும் கலவாமல் உத்தரவு சொல்லக் கற்கிறார். எதிரியைப் பற்றித் தெரிந்தது பாதிகூட இராது. ஆயினும் முடிவைத் தள்ளிப்போட அவருக்கு அனுமதி இல்லை. 'மேலும் விவரம் கோருக' என்ற குறிப்போடு வருஷக்கணக்கில் உறங்கும் கோப்புகளைக் காரியாலயங்களில் கண்டவர்கள் இதன் அருமையை உணர்வார்கள்.

இந்த அகாடமியில் பயின்று குறுகிய காலப் பணியில் சேர்ந்த அதிகாரிகளில் பலர் 10 ஆண்டில், நீட்டிப்புப் பெற்றால் 14 ஆண்டில், வெளியேறி வேறு ஜீவனம் தேடுகிறார்கள். இராணுவ அதிகாரியாக இருந்த கேப்டன் கோபிநாத் அத்தனை ஆண்டுகள்கூடக் காத்திராமல், 1971 யுத்தத்தில் பங்கேற்று 30 வயது நிறையுமுன் இராணுவத்தை விட்டு, ஹாசன் ஜில்லாவில் கூடாரமடித்துத் தங்கித் தரிசைத் திருத்திப் பயிர் செய்து, 1997-இல் ஹெலிகாப்டர் கம்பெனியும் 2003-இல் குறைந்த கட்டண விமானக் கம்பெனியும் தொடங்கினார். அவர் வாழ்க்கையைத் தழுவிய 'சூரரைப் போற்று' படத்தைப் பார்த்தவர்கள் அவருடைய துணிச்சலைப் போற்றுகிறார்கள். எனக்கோ, கூடாரத்தில் வசித்துக்கொண்டே நிலத்தை அறிந்த அந்தப் பொறுமைதான் பெரிதாகப் படுகிறது. எனினும் அவ்விமானக் கம்பெனி சில வருஷங்களில் கைமாறிப் போயிற்று என்பதையும் மறைப்பதற்கில்லை. வரவுசெலவுக் கணக்கையும், 'முடியாது' என்று சொல்லும் உரிமையுள்ள மனிதரை இணங்கவைக்கும் சாமர்த்தியத்தையும் எந்தப் படைமுகாமும் போதிப்பதில்லை. அவற்றைச் சீருடை களைந்தவர் புதிதாகவே கற்றாக வேண்டும்.

இதுவரை அதிகாரிகளைப் பற்றியே பேசினேன். சிப்பாய்களில் பலர் 35, 40 வயதிலேயே ஓய்வு பெற்று ஊர் திரும்புகிறார்கள். கிடங்கின் கணக்குப் பிசகாமல் காத்தவரையும், மலைப்பாதையில் பழுதான லாரியை ஓடவைத்தவரையும், நூறு இளைஞரைப் பயிற்றுவித்த ஹவில்தாரையும் வங்கி வாசலில் காவற்காரராக நிறுத்துவதோடு நம் சமூகம் திருப்தியடைந்துவிடுகிறது. நாளை உங்களில் பலர் ஆள் தேர்ந்தெடுக்கும் பதவியில் அமர்வீர்கள். அப்படி ஒருவர் உங்கள் முன் வந்து நின்றால், முன்பு என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டு, அந்த வேலையையே அவருக்குக் கொடுங்கள்.