கேளாதவர்க்கும் கிடைக்கட்டும்

ஆசிரியன் ஒருவன் தான் படித்த நல்ல கட்டுரையை மாணவனுக்குக் கொடுக்கிறான். இதில் பிழை ஏதும் உண்டா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. நானே செய்த பிழை அது. ஆகவே தயக்கமின்றிச் சொல்கிறேன்.

தலைமையாசிரியனாவதற்கு முன்னர், மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் கற்பித்து வந்தேன். பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் அகாடமி, 1996-ஆம் ஆண்டு முதல் 'ரெசொனன்ஸ்' என்னும் இதழை வெளியிட்டு வருகிறது. அறிவியல் பயில்வோரையும் பயிற்றுவோரையும் கருதி நடத்தப்படும் இதழ் அது. அதில் வரும் கட்டுரைகள் சிலவற்றை நகலெடுத்து என் மேசையில் வைத்திருப்பேன். கேட்டவர்க்கு இல்லையென்று சொன்னதில்லை. அதனைக் கொடை என்றே எண்ணியிருந்தேன்.

ஆண்டிறுதியில் ஒரு நாள், கடைசி வரிசையில் அமரும் மாணவி ஒருத்தியிடம், "நீ ஏனம்மா ஒரு கட்டுரையும் வாங்கவில்லை?" என்றேன். "கேட்கப் பயமாயிருந்தது, சார்" என்றாள்.

அன்றுதான் என் கொடையின் குறை எனக்குப் புலப்பட்டது. துணிவுள்ளவர்க்கே அது எட்டியிருந்தது. மறுநாளே கட்டுரைகள் யாவும் பள்ளி நூலகத்துக்குச் சென்றன. அங்கே எடுத்துப் படிப்பதற்கு எவர் முகத்தையும் பார்க்க வேண்டுவதில்லை. அடுத்த ஆண்டு முடிவதற்குள் அந்நகல்களின் ஓரங்கள் நைந்துபோயின. என் மேசையில் அவை ஒருநாளும் நைந்ததில்லை.

இன்று கல்லூரி ஆசிரியர்கள் கைப்பேசிக் குழுவில் கட்டுரையை அனுப்பிவிடுகிறார்கள். விரைவுதான், மறுக்கவில்லை. ஆயினும், குழுவில் இல்லாத மாணவன் என்ன செய்வான்? அடுத்த ஆண்டு வந்து சேர்பவன் என்ன செய்வான்? 'ஒரே நாடு ஒரே சந்தா' என்னும் திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கிற்று. மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். ஆசிரியர் கட்டுரையின் தலைப்பு, ஆசிரியர் பெயர், இதழ், ஆண்டு ஆகியவற்றை நூலகரிடம் கொடுத்துப் பாடப் பட்டியலில் சேர்க்கச் செய்யட்டும். நூலகத்தின் வழியே அதைத் திறந்து படிக்கும் முறையை வகுப்பில் ஒருமுறை செய்து காட்டட்டும். கட்டுரையோடு, அதைத் தேடிக்கொள்ளும் வழியும் மாணவனுக்குச் சொந்தமாகிவிடும்.

நகல் தேவைப்படுமாயின், சட்டமும் ஆசிரியனைக் கைவிடவில்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 52-ஆம் பிரிவில், கற்பித்தலின்பொருட்டு நகலெடுக்க இடமளிக்கிறது. தில்லிப் பல்கலைக்கழகப் பாடத்தொகுப்புகள் பற்றிய வழக்கில், 2016-ல் தில்லி உயர் நீதிமன்றம் இதனை உறுதிசெய்தது. கற்பித்தலுக்கு வேண்டிய அளவே அதற்கு எல்லை.

சந்தாவின் பயன் பள்ளிகளுக்கு எட்டவில்லை. அங்கே கட்டணமின்றிப் படிக்கத்தக்க இதழ்களைத் தேடி, நூலகத்தில் சேர்ப்பது ஆசிரியர் பொறுப்பு. முன்னர் நான் சொன்ன இதழின் கட்டுரைகளை இன்று இணையத்தில் எவரும் படிக்கலாம்.

சென்னைப் பல்கலைக்கழக நூலகராயிருந்த எஸ். ஆர். ரங்கநாதன், 1931-ல் வெளியிட்ட ஐந்து விதிகளில், வாசகர் ஒருவரும் விடுபடலாகாது என்பதை வற்புறுத்தினார். அதன் பொருளை எனக்கு விளக்கியவள் அந்தக் கடைசி வரிசை மாணவிதான்.