முதலில் அதிகாரி, பிறகுதான் விமானி

(நூற்றாண்டு விழாவையொட்டி உயர்தர வகுப்பு மாணவிகளுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற வருடம் தொழில் வழிகாட்டல் நாளன்று இதே மண்டபத்தில் மருத்துவபீடம் பற்றிப் பேசினேன். பேசி முடித்ததும் கடைசி வரிசையிலிருந்து கணிதப் பிரிவுத் தங்கை ஒருத்தி எழுந்தாள். "டொக்டர், எனக்கு விமானம் ஓட்ட வேண்டும். எந்தப் படையில் சேர வேண்டும்?" மண்டபமே சிரித்தது. நானும் சிரித்து, "முதலில் கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லித் தப்பிவிட்டேன். வீட்டுக்குப் போன பிறகு அந்தச் சிரிப்பு உறுத்தியது. அவள் வயதில் அதே ஆசை எனக்கும் இருந்தது. ஒன்பதாம் வகுப்பிலேயே தடித்த கண்ணாடி போட்டவள் நான். ஆசை அத்தோடு சரி. இன்றைக்குப் பேசப்போவது அவளுக்குச் சொல்லாமல் விட்ட பதிலைத்தான்.

எந்தப் படை என்றால், நம் நாட்டில் விமானப்படைதான். 1951இல் தொடங்கிய படை. நம் மாவட்டத்திலேயே சீகிரியாவில் அதற்கு ஓடுபாதை இருக்கிறது. சுற்றுலா போகும்போது பார்த்திருப்பீர்கள். உயர்தரம் சித்தியடைந்து பயிலிளவல் அதிகாரியாகச் சேர்வது ஒரு வழி. இரத்மலானையில் உள்ள கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தின் ஊடாகப் பட்டத்தோடு போவது இன்னொரு வழி. அங்கே முப்படைப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கிறார்கள். எப்படிப் போனாலும் முதலில் அணிவகுப்பும் படைப்பயிற்சியும்தான். விமானத்தைத் தொடுவது அதற்குப் பிறகு, திருகோணமலைக்குப் பக்கத்தில் சீனக்குடாவில். 2020 நவம்பரில் அங்கேதான் விமானப்படை வரலாற்றில் முதன்முதலாக இரண்டு பெண்கள் விமானிகளாக அதிகாரவாணை பெற்றார்கள். முதல் பெண்ணுக்கு அறுபத்தொன்பது வருடம் காத்திருந்த படை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

பறக்கும் அதிகாரியை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி உருவாக்குவதில்லை. இந்தியாவைப் பாருங்கள். அங்கே மூன்று படைகளுக்கும் விமானப் பிரிவு உண்டு. 2016இல் அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் மூவரும் போர் விமானிகளாக விமானப்படையில் அதிகாரவாணை பெற்றார்கள். 2019இல் ஷிவாங்கி கடற்படையின் முதல் பெண் விமானியானார். 2022இல் அபிலாஷா பராக் தரைப்படையின் முதல் பெண் போர் ஹெலிகொப்டர் விமானியானார். இவர் 2018இல் சேர்ந்தது வான் பாதுகாப்புப் பிரிவில். அங்கே அதிகாரியாக இருந்துவிட்டுத்தான் பறக்கப் போனார். தரைப்படையில் விமானி என்பவர் கீழே நிற்கும் சிப்பாய்க்காகப் பறப்பவர். சிப்பாயின் பாட்டை அறியாமல் அந்த வேலை செய்ய முடியாது. கடற்படையில் கப்பலும் கடலும் முதலில். விமானப்படையில் மட்டும் விமானிதான் வீட்டுக்கு மூத்த பிள்ளை.

அமெரிக்கத் தரைப்படையில் இன்னொரு விதம். ஹெலிகொப்டர் ஓட்டுபவர்களில் பெரும்பாலோர் வாரண்ட் அதிகாரிகள். பட்டம் இல்லாமலே விண்ணப்பிக்கலாம். காலம் முழுவதும் பறப்பதுதான் அவர்கள் தொழில். அதிகாரவாணை பெற்றவர்களோ பதவி ஏற ஏற மேசைக்குப் போய்விடுகிறார்கள். எங்கள் வைத்தியசாலைகளிலும் இதே கதைதான்: கைராசிக்கார வைத்தியரைப் பணிப்பாளராக்கிக் கோப்புக் கட்டுக்குள் உட்கார்த்திவிடுவோம்.

இன்னொன்று. விமானப்படையில் அதிகாரிகளின் தொடக்கப் பதவிக்கே 'பைலட் ஒஃபிசர்' என்றுதான் பெயர். களஞ்சியம் பார்ப்பவரும் பைலட் ஒஃபிசர்தான்! பறப்பவரை நெஞ்சில் உள்ள இறக்கைச் சின்னத்தை வைத்துத்தான் அறியலாம். ஆகவே தங்கைகளே, இறக்கை கிடைக்காமல் போனாலும் அந்தச் சீருடையில் வாழ முடியுமா என்று முதலில் உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். அதிகாரவாணை என்பது ஓட்டுநர் அனுமதிப்பத்திரம் அல்ல. எங்கே போகச் சொன்னாலும் போவேன், என்கீழ் உள்ளவர்களுக்கு நானே பொறுப்பு என்று கொடுக்கும் சொல் அது. பறக்க மட்டுமே ஆசை என்றால் சிவில் விமானி அனுமதிப்பத்திரம் இருக்கிறது. செலவு மிக அதிகம். ஆனால் அந்தச் சத்தியம் கிடையாது.

இனிச் சொல்லப்போவதைப் பேசலாமா என்று நேற்றிரவு வரை யோசித்தேன். 1983 ஜூலையில் முத்துமாரியம்மன் கோவில் தேர்கள் எரிந்ததைப் பார்த்த ஊர் இது. என் யாழ்ப்பாணத்துப் பெரியம்மா எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தபோது, மேலே ஹெலிகொப்டர் போனால் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு வாசல் நிலையடியில் போய் நிற்பார். மாத்தளையில் ஒன்றும் விழாது என்று நாங்கள் எத்தனை தடவை சொல்லியும் கேட்கவில்லை. அந்தச் சீருடையை நம் பிள்ளை போடலாமா என்று வீட்டில் கேட்டால், அது பிற்போக்குத்தனம் அல்ல. அதற்கு அவசரமாகப் பதில் சொல்லாதீர்கள். என்னைக் கேட்டால், நம்மில் ஒருத்தியும் இல்லாத படையைவிட, கட்டளை போடும் இடத்தில் நம்மில் ஒருத்தி இருக்கும் படை நல்லது என்பேன். ஆனால் அங்கே தனியாக நிற்கப் போவது நான் அல்ல, அந்தப் பிள்ளை. அதனால் இதை உரத்துச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

வைத்தியராக இரண்டு வார்த்தை. நிறப்பார்வையை இப்போதே சோதியுங்கள். உயர்தரம் எழுதிய பிறகு தெரிய வந்தால் மனம் உடையும். சிறு வயதில் இழைப்பு இருந்திருந்தால் மறைக்காதீர்கள். வயது, உயரம், பார்வை எல்லைகளை விளம்பரம் வரும்போது வரிக்கு வரி வாசியுங்கள். சிங்களமும் ஆங்கிலமும் தட்டுத்தடுமாறாமல் பேசப் பழகுங்கள்.

அந்தத் தங்கை போன மாதம் தாயையும் கூட்டிக்கொண்டு என் கிளினிக்குக்கு வந்தாள். தாய் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். "டொக்டர் அம்மா, நீங்கதான் இவளுக்கு இதச் சொல்லிக் குடுத்தீங்களா?" என்றார். இல்லை, நான் சிரிக்கத்தான் செய்தேன் என்றேன். நிறப்பார்வைப் புத்தகத்தை எடுத்துப் பிள்ளையின் முன்னால் வைத்தேன். புள்ளிகளுக்குள் ஒளிந்திருந்த இலக்கங்களை ஒன்று விடாமல் வாசித்தாள். தாய் எட்டிப் பார்த்து, மகளோடு சேர்ந்து மெதுவாகத் தானும் வாசித்தார். கடைசிப் பக்கம் முடிந்ததும், "சீனக்குடா எம்புட்டுத் தூரம்?" என்று என்னைக் கேட்டார்.